கூட வேலை பார்ப்பவரைப் புரிந்துகொள்வது எப்படி? அடிக்கடி என்னிடம் கேட்கிற கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை ஆபீஸில் 19 வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். பேருக்குத்தான் கணக்கு. மெஷின் ஆள், லாரி டிரைவர், லோடுமேன், புரோக்கர், முதலாளி வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று தினமும் முப்பது நாற்பது பேரோடு மல்லுக்கட்டுவதுதான் பாதி வேலை. சில வருஷம் முன்னால் ஆளுமை வகைகள் பற்றி ஒரு நாள் ட்ரெயினிங்குக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. இது தெரிந்த பிறகு பேங்க், ஜவுளிக் கடை, பள்ளிக்கூடம் என்று பல இடத்தில் வேலை பார்க்கிற நண்பர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். நான் உளவியல் நிபுணர் இல்லை, படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

ஆபீஸில் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். எனக்கு 'சி' டைப் என்று வந்தது. ரிப்போர்ட்டைப் படித்தால் அப்படியே நான்தான். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள்?

பெர்ட்ரம் ஃபோரர் என்று ஓர் அமெரிக்க உளவியல் ஆசிரியர். 1948-ல் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் 'உன் குணம் இதுதான்' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடு என்றார். சராசரி 4.26. அப்புறம்தான் விஷயத்தை உடைத்தார்: 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதில் இருந்ததெல்லாம் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். 'சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கிப் போவீர்கள்' என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

வைத்தீஸ்வரன்கோயிலில் ஏடு பார்ப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை, அது அவரவர் நம்பிக்கை. உங்கள் ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஒரு சோதனை சொல்கிறேன். பக்கத்து சீட்டுக்காரரின் ரிப்போர்ட்டை வாங்கி, உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அதுவும் பொருந்தினால் இரண்டையும் சேர்த்து மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

இந்த நாலு வகை, பதினாறு வகையெல்லாம் எங்கிருந்து வந்தது?

ஆளைப் பிரிக்கிற ஆசை ரொம்பப் பழசு. கிரேக்க மருத்துவர்கள் உடம்பில் நாலு நீர் ஓடுகிறது என்றும், எது கூடுகிறதோ அதன்படி குணம் அமைகிறது என்றும் சொன்னார்கள். நம் வீட்டிலும் பாட்டி சொல்வார்களே, 'அவனுக்குப் பித்த உடம்பு, சுருக்குனு கோவம் வரும்' என்று, அதே சங்கதிதான். கம்பெனிகளில் இன்று ஓடுகிற, ஆளை நாலு வகையாகப் பிரிக்கிற 'டிஸ்க்' (மேலே வந்த 'சி' டைப் அதில் ஒன்று) வில்லியம் மார்ஸ்டன் என்பவர் 1928-ல் எழுதியதிலிருந்து வந்தது. அவர் டெஸ்ட் எதையும் தயாரிக்கவில்லை, அது பின்னால் வந்தவர்கள் வேலை. (அவரே பிறகு ஒரு புகழ்பெற்ற காமிக்ஸ் கதாநாயகியையும் உருவாக்கினார். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) பதினாறு வகை சொல்கிற 'எம்பிடிஐ'யை உருவாக்கியவர்கள் காதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதியதை அடிப்படையாக வைத்துச் செய்தார்கள். இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. அதே டெஸ்ட்டைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நிறையப் பேருக்கு வேறு டைப் வருகிறது என்பது அதன் மேல் ரொம்ப நாளாக இருக்கிற புகார்.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதிகம் நம்புவது 'பிக் ஃபைவ்'. புதுசுக்கு மனம் திறப்பது, பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணங்கிப் போவது, மனம் சட்டென்று கலங்குவது என்று ஐந்து. இதில் எனக்குப் பிடித்தது, டப்பாவில் போட்டு மூடுவதில்லை. ஐந்தும் ஐந்து அளவுகோல். பெரும்பாலானவர்கள் ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியில்தான் நிற்கிறார்கள். நெல்லில் ஈரம் பார்க்கிற மாதிரி. ஈர நெல், காய்ந்த நெல் என்று இரண்டே ஜாதி கிடையாது, ஈரம் 14 சதவீதமும் இருக்கும், 17-ம் இருக்கும், 21-ம் இருக்கும். நேற்று ராத்திரி பனியில் கிடந்திருந்தால் இன்றைக்குக் கூடியும் இருக்கும்.

அப்போ இதெல்லாம் வேஸ்ட்டா?

இல்லை. அந்த ஒரு நாள் ட்ரெயினிங்கில் நான் எடுத்துக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு எப்படிச் சொன்னால் புரிகிறதோ அப்படியே எல்லோருக்கும் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. இது உறைக்க நான் 12 வருஷம் சர்வீஸ் போட வேண்டியிருந்தது. டைப் பெயரெல்லாம் இப்போது பாதி மறந்துவிட்டது.

எங்கள் முதலாளிக்கு எதையும் முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லை. நான் பாதி சொல்வதற்குள் 'விஷயத்துக்கு வாப்பா' என்கிறார். அவமானமாக இருக்கிறது.

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பா அறுவடை நேரம், பிப்ரவரி, வாசலில் ஏழு லாரி நிற்கிறது. தரம் பார்க்கிற தம்பி ஒரு லாரியில் ஏறி, மூட்டையைக் குத்தி நெல்லை எடுத்து ஈரம் பார்க்கிற மீட்டரில் போட்டுவிட்டு இறங்கி வருகிறான். முதலாளி கேட்கிறார், "இறக்கலாமா?"

"ஐயா, மேல் மூட்டை 16.8. நடுவுல ரெண்டு மூட்டை பார்த்தேன், ஒண்ணு 17.9, ஒண்ணு 18.2. அடி மூட்டை இன்னும் பாக்கல. போன வாரம் இதே புரோக்கர்கிட்ட..."

"இறக்கலாமா வேணாமா, அதைச் சொல்லு."

"அதான் ஐயா, மேல் மூட்டை..."

முதலாளி கையை உதறிவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார். தம்பி முகம் செத்துப்போய்விட்டது. சாயந்தரம் டீ குடிக்கும்போது "நம்ம வேலைக்கு மதிப்பே இல்லைண்ணே" என்றான். முதலாளியோ என்னிடம் வந்து, "அந்தப் பையன் ஒரு முடிவு சொல்ல மாட்டேங்கிறான், பயந்தாங்கொள்ளி" என்றார். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அவனுக்குக் கணக்கு பிசகினால் தூக்கம் வராது, 18.2-ஐ மறைத்துக்கொண்டு 'இறக்கலாம்' என்று சொல்வது அவனுக்குப் பொய் சொல்கிற மாதிரி. அவருக்கோ வாசலில் ஏழு லாரி, ஒவ்வொன்றுக்கும் வெயிட்டிங் ஏறுகிறது, அரை நிமிஷத்தில் முடிவு வேண்டும்.

நான் செய்தது சின்ன வேலை. தம்பியிடம் சொன்னேன்: "முதல் வாய்க்கு முடிவைச் சொல்லு, அப்புறம் காரணம். 'இப்ப இறக்க வேணாம் ஐயா, நடு மூட்டை 18-க்கு மேல போகுது, அடி மூட்டை பாத்துட்டு பத்து நிமிஷத்துல சொல்றேன்.' அவ்வளவுதான்." அவன் சொன்னதெல்லாம் அதே விஷயம்தான், வரிசை மட்டும் தலைகீழ். முதலாளியிடம் தனியாக, "ஐயா, அவன் தயங்குறான்னா உள்ளே ஏதோ இருக்குன்னு அர்த்தம், 'எது உறுத்துது'ன்னு கேளுங்க, 'வேணுமா வேணாமா'ன்னு கேக்காதீங்க" என்றேன். முதலாளி பத்துக்கு ஐந்து தடவை இதை மறந்துவிடுகிறார். தம்பி மறப்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் மேலே இருப்பவர்தான் அதிகம் வளைய வேண்டும், நடப்பு என்னவோ கீழே இருப்பவர்தான் வளைகிறார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன், சரி என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கும் அதே மருந்துதான். முடிவை முதலில் வையுங்கள். விவரத்தைக் கையில் வைத்திருங்கள், கேட்டால் எடுக்கலாம். அவர் அவசரப்படுவது உங்களை அவமதிக்க என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவேளை அவமதிக்கத்தான் என்றால், அது வேறு கேள்வி, கடைசியில் வருகிறது.

டெஸ்ட் இல்லாமல் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிக்க வழி?

நான் மூன்று இடத்தில் பார்ப்பேன். புது வேலை ஒன்று கொடுத்தால் முதல் வார்த்தையாக என்ன கேட்கிறார்: 'எப்ப முடிக்கணும்?' என்கிறவர் ஒரு ரகம், 'யாரெல்லாம் கூட?' என்கிறவர் வேறு ரகம், 'இதுக்கு முன்னாடி எப்படிச் செஞ்சாங்க?' என்கிறவர் இன்னொன்று, 'ஏன் இதைச் செய்றோம்?' என்று கேட்பவரிடம் கொஞ்சம் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். அடுத்து, தப்பு நடந்தால் முதலில் ஆளைத் தேடுகிறாரா, காரணத்தைத் தேடுகிறாரா. மூன்றாவது, வேலை இல்லாத நேரத்தில் எங்கே போய் உட்காருகிறார். சிலர் டீக்கடைப் பெஞ்சில் கூட்டத்தோடு இருந்தால் தெம்பாகிவிடுவார்கள், சிலர் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் தனியாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் ஆளாகித் திரும்பி வருவார்கள். அவரைப் போய் 'என்ன கோவமா?' என்று நோண்டக் கூடாது.

இது எதுவும் சரியாக வராவிட்டால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "உங்ககிட்ட ஒரு தப்பைச் சொல்லணும்னா அப்பவே சொல்லட்டுமா, சாயந்தரம் தனியாச் சொல்லட்டுமா?" எந்த டெஸ்ட்டும் இந்தப் பதிலைத் தராது.

பக்கத்து சீட்டுக்காரர் வாய் ஓயாமல் பேசுகிறார். வேலை ஓடவில்லை.

அவருக்கு யோசிப்பதே வாய் வழியாகத்தான். அடக்க முடியாது. "அண்ணே, 11 மணிக்கு டீக்கு வர்றேன், அங்க வச்சு முழுக் கதையும் சொல்லுங்க" என்று ஒரு மடை திறந்துவிடுங்கள், வயலுக்குள் வராது. 11 மணிக்கு மறக்காமல் போய்விடுங்கள், ஏமாற்றினால் மறுநாள் இரண்டு மடங்கு.

மீட்டிங்கில் ஒருத்தர் வாயே திறப்பதில்லை. 'இன்ட்ரோவெர்ட்' டைப் என்று விட்டுவிடலாமா?

இதற்கு மட்டும் அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்து எத்தனையோ நாளாகியும் கடைமடைக்கு வராமல் இருப்பது டெல்டாக்காரனுக்குப் புதுசில்லை. கடைமடை வயல் காய்ந்து கிடந்தால் அந்த மண்ணின் குணம் அப்படி என்று யாரும் சொல்வதில்லை, மேலே எங்கே அடைத்துக்கிடக்கிறது என்று வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்க்கிறோம். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் 'அவர் சுபாவம் அப்படி' என்று உடனே முடித்துவிடுகிறோம்.

எங்கள் ஆபீஸில் பில் போடுகிற ஓர் அம்மா இருந்தார்கள். ஆறு வருஷம். மீட்டிங்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லோரும் 'ரொம்ப அமைதி' என்று பாராட்டுவோம். ஒரு நாள்தான் கவனித்தேன்: மீட்டிங் நடக்கிற அறையில் நாற்காலி ஒன்பது, ஆள் பதினொன்று. கதவோரம் நிற்கிற இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் அந்த அம்மாதான். இன்னொருவர் லோடுமேன்களின் மேஸ்திரி. யாரும் சொல்லி நிற்க வைக்கவில்லை, யார் உட்காருவது யார் நிற்பது என்று ஊர் வழக்கம் ஆபீசுக்குள்ளும் வந்துவிட்டது. நின்றுகொண்டே இருப்பவர் கூட்டத்தில் பேச மாட்டார். இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டதும் அந்த அம்மா மடைதிறந்த மாதிரி பேசிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். மூன்றாவது மாசம் ஒரு நாள், ஒரே சரக்குக்கு இரண்டு வண்டி நம்பர் பதிவாகிற குளறுபடியைச் சொன்னார்கள். அது தனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்றார்கள்.

சாதி, ஆண் பெண், சம்பளம், காண்ட்ராக்ட்டா நிரந்தரமா, இதையெல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்றால் அப்புறம் சுபாவத்துக்கு வாருங்கள். உண்மையிலேயே கூட்டத்தில் பேசப் பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு மீட்டிங் விஷயத்தை முதல் நாளே சொல்லிவிட்டு, பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்கிறார். ஆனால் வேலை நடப்பதில்லை.

நம் ஊரில் 'சரிங்க' என்றால் நாலு அர்த்தம். செய்கிறேன், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, எனக்கு உடன்பாடில்லை ஆனால் எதிர்த்துப் பேச மாட்டேன், முதலில் இங்கிருந்து விடுங்கள். இணங்கிப்போகிற சுபாவம் உள்ளவரிடம் 'முடியுமா?' என்று கேட்டால் 'முடியும்' என்றுதான் வரும். அதனால் 'முடியாது' என்று சொல்ல இடம் இல்லாத கேள்வியைக் கேட்காதீர்கள். "இதை எடுத்தா கையில இருக்கற எந்த வேலை தள்ளிப்போகும்?" என்று கேளுங்கள். தள்ளிப்போகும் என்று நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டதால் அவர் தைரியமாக உண்மையைச் சொல்வார்.

என்னைவிட 20 வயசு மூத்தவர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார். எதைச் சொன்னாலும் முறைக்கிறார். பிடிவாத டைப்.

டைப் இல்லை, மரியாதை. அவர் வேலைக்கு வரும்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். 'நீங்க இதை மாத்தணும்' என்று நாலு பேர் முன்னால் சொன்னால், சொன்னது எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர் காதில் ஏறாது. எங்கள் பாய்லர்காரருக்கு 61 வயசு. புது டிரையர் வந்தபோது சூப்பர்வைசர் பையன் ஒரு வாரம் கத்திப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில், யாரும் வருமுன்னே போய், "அண்ணே, இதுல சூடு எங்க தங்குது, எங்க ஏறுதுன்னு எனக்குப் பிடிபடலை, உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரையரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கையை வைத்துப் பார்த்து நாலு இடம் காட்டினார். மறுவாரம் அதே டிரையரை அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் நடிக்கவில்லை என்பது முக்கியம், அவனுக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. நடித்தால் பெரியவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒருத்தர் தினமும் லேட். சோம்பேறி என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

நீங்கள் லேட்டாக வந்தால் நீடாமங்கலம் ரயில்வே கேட் காரணம், அவர் லேட்டாக வந்தால் அவர் குணம் காரணம். அப்படித்தானே? இந்த வழுக்கலுக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-ல் ஒரு பெயரே வைத்தார். அடுத்தவர் செய்வதற்குக் குணத்தைக் காரணமாகச் சொல்வோம், சூழ்நிலையைப் பார்க்க மாட்டோம். முதலில் அவர் எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேளுங்கள். பஸ் சரியாக வந்தும் டீக்கடையில் நின்றுவிட்டு வருகிறார் என்றால், சரி, திட்டுங்கள்.

சாதாரண நாளில் தங்கமான மனுஷன், சீசன் வந்தால் வேறு ஆளாகிவிடுகிறார். எது உண்மையான குணம்?

இரண்டும்தான். மனிதன் எப்படி நடக்கிறான் என்பது அவனையும் அவன் நிற்கிற இடத்தையும் சேர்த்தது என்று உளவியலாளர் குர்ட் லெவின் 1936-லேயே ஒரு சூத்திரமாக எழுதிவிட்டார்.

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த ராத்திரி எங்கள் குடோன் கூரைத் தகடு பறந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால், எப்போதும் முன்னால் நின்று உத்தரவு போடுகிற மேனேஜர் வாசலில் கல்லு மாதிரி நிற்கிறார். கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருகிற ஸ்டோர் கீப்பர்தான் யார் வீட்டில் தார்ப்பாய் இருக்கிறது, எந்தக் கடையில் ஜெனரேட்டர் கிடைக்கும், எந்த மூட்டையை முதலில் நகர்த்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். குரல்கூட உயர்த்தவில்லை. கரண்ட் வரும்வரை ஆலை அவர் சொல்படிதான் ஓடியது. கரண்ட் வந்ததும் மறுபடி பின்வரிசைக்குப் போய்விட்டார், கூப்பிட்டும் வரவில்லை. மேனேஜரின் வீட்டுத் தென்னை அத்தனையும் அன்று ராத்திரி சாய்ந்துவிட்டது என்று எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் ஒருவரைப் பற்றி முடிவு கட்டுமுன் குறைந்தது ஒரு சீசனும் ஒரு ஓய்ந்த மாசமும் அவரோடு வேலை பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில்தான் பாதிச் சண்டை வருகிறது.

வரும். வெறும் 'ஓகே' போடுகிறவர் கோபமாக இல்லை, லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறார். தப்பைக் குரூப்பில் சொல்லாதீர்கள், போன் பண்ணுங்கள். பாராட்டைக் குரூப்பில் போடுங்கள். சிலருக்கு அதுவும் கூச்சம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்த டெஸ்ட் வைக்கலாமா?

எம்பிடிஐயை வெளியிடுகிற கம்பெனியே ஆளெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பிக் ஃபைவில் 'பொறுப்பும் ஒழுங்கும்' என்பதற்கு மட்டும் பல வேலைகளில் ஓரளவு தொடர்பு தெரிகிறது என்று 1991 முதல் ஆய்வுகள் சொல்லி வருகின்றன. ஓரளவுதான். இரண்டு நாள் கூலி கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பது மேல்.

எல்லோரையும் புரிந்துகொண்டு நானே வளைந்துகொண்டிருக்க வேண்டுமா? நான் இப்படித்தான் என்று இருக்கக் கூடாதா?

இருக்கலாம். நான் கணக்கு ஆள், எனக்குச் சிரித்துப் பேசி வேலை வாங்க வராது. மாற்றிக்கொள்ளப் பார்த்தேன், ஒரு வாரம் எல்லோரையும் பார்த்துச் சிரித்ததில் 'இவருக்கு என்ன ஆச்சு' என்று பயந்துவிட்டார்கள். இப்போது ஒன்றை மட்டும் செய்கிறேன். புதுசாக வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "நான் கணக்கு பாக்கும்போது முகம் கடுகடுன்னு இருக்கும், உங்க மேல கோவம் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் எது வேணும்னாலும் கேளுங்க." பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஒருத்தர் தினமும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், சாதி சொல்லிக் குத்துகிறார், பெண்களிடம் அத்துமீறிப் பேசுகிறார். 'அவர் டைப் அப்படி, அனுசரிச்சுப் போங்க' என்கிறார்கள்.

அது டைப் இல்லை. மேலே எழுதிய எதையும் அவருக்குப் பயன்படுத்த வேண்டாம். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொந்தரவுக்கு 2013-ல் வந்த சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற இடம் என்றால் உள்ளேயே புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ மாவட்ட அளவில் உள்ள குழுவுக்குப் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாசத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாசம் நீட்டலாம். சாதி சொல்லி இழிவுபடுத்துவதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அது பாதுகாப்பு. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதத் தொடங்குங்கள். நோட்டை ஆபீஸ் மேஜையில் வைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.